வீட்டுப் பிரசவம்: நிமிடக் கணக்கில் யோசிப்பது எப்படி?

வீட்டுப் பிரசவம் என்ற ஒரே பெயரில் நாம் மூன்று வெவ்வேறு காரியங்களைப் பேசுகிறோம். வாக்குவாதத்தில் பாதி அதனால்தான் வருகிறது.

முதலாவது, திட்டமிட்ட வீட்டுப் பிரசவம். நெதர்லாந்திலும் இங்கிலாந்திலும் நடப்பது இது. படித்துப் பதிவு பெற்ற மருத்துவச்சி, மருந்தும் கருவியும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். கர்ப்பம் சிக்கலில்லாதது என்று மாதக்கணக்கில் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொள்வார். சிக்கல் தலைகாட்டினால் ஆம்புலன்சும் ஆஸ்பத்திரியும் தயாராக இருக்கும். இரண்டாவது, பயிற்சி பெற்றவர் ஒருவரும் இல்லாமல் வேண்டுமென்றே வீட்டில் பெறுவது. 2018-ல் திருப்பூரில் வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் நடத்தியபோது, ஒரு பள்ளி ஆசிரியை இரத்தப்போக்கில் இறந்தாரே, அது இந்த வகை. மூன்றாவது, யாரும் திட்டமிடாமல், வண்டி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிடுவது.

முதல் வகைக்கு உலகில் நல்ல ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் சிக்கலில்லாத கர்ப்பிணிகளை மட்டும் வைத்து நடத்திய பெரிய ஆய்வு 2011-ல் வெளிவந்தது. ஏற்கெனவே பெற்ற தாய்மாருக்கு வீட்டிலும் மருத்துவமனையிலும் குழந்தைக்கு நேரும் ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முதல் பேறுகாலத்தில் தெரிந்தது: மருத்துவமனையில் 1,000-க்கு 5.3 என்றிருந்த கடும் பாதிப்பு, வீட்டில் 9.3 ஆக இருந்தது. வீட்டில் தொடங்கிய முதல் பிரசவங்களில் நூற்றுக்கு 45 பேரைப் பாதியில் ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியும் வந்தது. அத்தனை ஏற்பாடு உள்ள ஊரிலேயே இதுதான் கணக்கு. அந்த ஆய்வைக் காட்டி, ஒரு ஏற்பாடும் இல்லாத இரண்டாவது வகையை நியாயப்படுத்துவது கள்ளக்கணக்கு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் அப்படிப்பட்ட மருத்துவச்சியை மருந்தோடு வீட்டுக்கு அனுப்பும் அரசு ஏற்பாடு கிடையாது. பழைய வயற்றாட்டிமாரின் கைப்பழக்கம் பெரிது. ஆனால் அவர்கள் கையில் இரத்தத்தை நிறுத்தும் ஊசி இருந்ததில்லை. இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன.

பிறகு ஏன் வீட்டில் பெற ஆசை வருகிறது? காரணம் இருக்கிறது. பிரசவ அறையில் அதட்டல், தனியாகக் கிடத்தல், கேட்காமல் பிறப்பு வாயைக் கத்தரித்தல், அவசரமாகச் சிசேரியன். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன்; தனியாரில் மட்டும் எடுத்தால் 60-ஐத் தாண்டுகிறது. பயப்படுகிறவர்களைப் பார்த்து ‘விவரம் தெரியாதவர்கள்’ என்று சொல்ல நமக்கு வாய் வரக்கூடாது. ஆனால் வீட்டில் தேடும் மரியாதையையும் துணையையும் ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பெற வழி உண்டு. ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு மூன்று பொருட்களை வீட்டில் பெறத்தான் வழியில்லை. அவை என்ன, அவை இல்லாவிட்டால் எத்தனை நிமிடத்தில் என்ன ஆகும் என்று தெரிந்தால் முடிவெடுப்பது எளிது.

தாய்க்கு: இரத்தம்

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் பாய்கிறது. பிள்ளை பிறந்து நச்சுக்கொடி பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் இரத்தக் குழாய்களின் வாய் திறந்து கிடக்கும். கர்ப்பப்பையின் தசை நார்கள் அந்தக் குழாய்களைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. தசை இறுகினால் குழாய்கள் நெரிபட்டு அடையும், இரத்தம் நிற்கும். தசை தளர்ந்து கிடந்தால் நிற்காது. பிரசவத்துக்குப் பின் வரும் பெரும் இரத்தப்போக்கில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு இந்தத் தளர்ச்சியால் வருவது. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இரண்டு பிள்ளைகளைச் சுகமாகப் பெற்றவருக்கும் மூன்றாவதில் வரலாம். நிறுத்தாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம்.

அரை லிட்டர் போனாலே அதைப் பெரும் இரத்தப்போக்கு என்று கணக்கில் எடுக்க வேண்டும். 200 மில்லி டம்ளரில் இரண்டரை டம்ளர். பழைய வேட்டியிலும் பாயிலும் ஊறிய இரத்தத்தைக் கண்ணால் அளந்தால் எப்போதும் குறைவாகத்தான் தோன்றும். தேர்ந்த டாக்டருக்கும் அப்படித்தான். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து இரத்தத்தை அளந்து, அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கும் முறையை ஆப்பிரிக்காவின் நான்கு நாடுகளில் சோதித்தார்கள். 2023-ல் வந்த முடிவின்படி கடும் இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. புதிய மருந்து எதுவும் சேர்க்கவில்லை. அளந்தார்கள், காத்திருக்காமல் செய்தார்கள், அவ்வளவுதான்.

இதைத் தடுக்கும் முதல் மருந்து ஆக்சிடோசின். பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட், தொடையில் ஊசியாகப் போடுவார்கள். இது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து. அதையும் மீறி இரத்தம் போனால், மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம் நரம்பு வழியாக. அதுவும் போதாவிட்டால் இரத்தம் ஏற்ற வேண்டும், அறுவை அரங்கு வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இதே ஆக்சிடோசினைப் பிள்ளை பிறப்பதற்கு முன் ‘வலி ஊசி’ என்று யாராவது வீட்டில் வந்து போட்டால் ஓட்டம் பிடியுங்கள். பிறந்த பின் காப்பாற்றும் மருந்து, பிறப்பதற்கு முன் அளவில்லாமல் போட்டால் கர்ப்பப்பையைக் கிழிக்கும், வயிற்றுப் பிள்ளையை மூச்சடைக்க வைக்கும். ஆஸ்பத்திரியில் அதைச் சொட்டுக் கணக்கில் டிரிப்பில் ஏற்றுவதும், இடையிடையே பிள்ளையின் இதயத் துடிப்பைப் பார்ப்பதும் இதனால்தான்.

இரத்தசோகை இங்கேதான் வினையாகிறது. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை, 7-க்குக் கீழே போனால் கடும் சோகை. 12 இருப்பவர் அரை லிட்டர் இழப்பைத் தாங்கிவிடுவார். 7 இருப்பவருக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்சினை. ஆகவே பிரசவத்துக்கான ஆயத்தம் நாலாம் மாதத்திலேயே இரும்புச்சத்து மாத்திரையோடு தொடங்குகிறது: தினம் ஒன்று, 180 நாள், பெற்ற பிறகும் 180 நாள். நம் ஊரில் இந்த மாத்திரை தோற்றுப்போவது பெரும்பாலும் சாயாவால்தான். சாயா, காப்பி, பால் எதுவும் மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் வேண்டாம். கால்சியம் மாத்திரையைச் சேர்த்துப் போடக்கூடாது. இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின், எலுமிச்சைச் சாற்றோடு. மலம் கறுத்துப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. சாளை, நெத்திலி, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதுதான், ஆனால் 8 கிராமில் இருப்பவரை உணவு மட்டும் தூக்கிவிடாது. மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும்; இரும்பு அதில் மிகக் குறைவு.

பிள்ளைக்கு: முதல் நிமிடம்

பிறக்கும் 100 குழந்தைகளில் சுமார் 10 பேருக்கு மூச்செடுக்கக் கொஞ்சம் உதவி தேவைப்படும். பெரும்பாலோருக்கு நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்தாலே போதும். சிலருக்கு அம்பு பேக்கால் (முகமூடியோடு கையால் அமுக்கும் காற்றுப் பை) காற்றுக் கொடுக்க வேண்டும், அதுவும் பிறந்த ஒரு நிமிடத்துக்குள். இதயத்தை அழுத்துவது, மருந்து ஏற்றுவது வரை போவது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. அம்பு பேக் ஒரு சாதாரணக் கருவி. அதைப் பிடிக்கப் பழகிய கைதான் அரிது. எந்தப் பிள்ளை அந்தப் பத்தில் ஒன்று என்பது பல நேரம் பிறந்த பின்தான் தெரியும்.

வலியின்போது பிள்ளை திணறுகிறதா என்று அறிய இதயத் துடிப்பைக் கேட்டாக வேண்டும். வலி வலுத்தபின் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது சரியான அளவு. வீட்டில் வயிற்றின்மேல் காதை வைத்துக் கேட்டு இதைக் கணக்கிட முடியாது.

மூன்று தாமதங்கள்

தாய்மார் ஏன் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெயின் இருவரும் 1994-ல் மூன்று தாமதங்களைச் சொன்னார்கள்: கிளம்ப முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை தொடங்குவதில் தாமதம். உங்கள் வீட்டுக்கு இந்த மூன்றையும் நிமிடத்தில் எழுதிப் பார்க்கலாம்.

முதல் தாமதம் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கிறது. ‘அவரு வேலைக்குப் போயிருக்காரு’, ‘மாமி வரட்டும்’, ‘இது சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடி’. கணவர் வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருக்கும் வீடுகள் இங்கே ஏராளம். அவருக்குப் பதில் யார் முடிவெடுப்பது என்பதை எட்டாம் மாதமே பேசி வையுங்கள். அம்மாவோ மைனியோ, பெயரைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சூட்டு வலிக்கும் மெய்வலிக்கும் வித்தியாசம் இது: சூட்டு வலி எழுந்து நடந்தாலோ படுத்தாலோ அடங்கும், இடைவெளி ஒழுங்காக இருக்காது. மெய்வலி நெருங்கி நெருங்கி, வலுத்துக்கொண்டே வரும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் முதல் பேறுகாலத்துக்குக் கிளம்பலாம். இரண்டாவது, மூன்றாவது என்றால் அவ்வளவு காத்திருக்கக் கூடாது. பனிக்குடம் உடைந்தால், இரத்தம் பட்டால், பிள்ளை அசைவு குறைந்தால், தலைவலியோடு கண் மங்கினால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது தாமதம் பூகோளம். நாகர்கோவிலில் இருப்பவருக்கு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கைக்கெட்டும் தூரம். பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிக் குடியிருப்புகளில் இருப்பவருக்கு அப்படியில்லை. சில இடங்களிலிருந்து படகில்தான் இறங்கி வர வேண்டும். நமக்கு ஆனி, ஆடி மழையும் உண்டு, ஐப்பசி, கார்த்திகை மழையும் உண்டு. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலன்று மரம் விழாத சாலை குறைவு. மலையில் இருப்பவர்கள், குறித்த தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்து தங்குவதே நல்ல ஏற்பாடு. தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் பிரசவக் காத்திருப்பு அறை உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் சொல்வார்.

கீழே இருப்பவர்களுக்கும் ஒரு தொல்லை உண்டு: வீடு வரை வண்டி வராது. இடவழி முடியும் இடத்தில் 108 நின்றுவிடும். அங்கிருந்து எப்படித் தூக்கி வருவது என்பதை வலி வந்தபின் யோசிக்கக் கூடாது. கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலி ஒன்று, தூக்க இரண்டு பேர், இரவென்றால் டார்ச். 108-க்குப் பேசும்போது வீட்டு எண்ணைவிட அடையாளம்தான் உதவும்: எந்தக் குருசடி, எந்தக் கோயில், எந்த ஜங்ஷன், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும். ஒருவர் சாலை முக்கில் நின்று கை காட்ட வேண்டும்.

மூன்றாவது தாமதம் தவறான இடத்துக்குப் போவதால் வருவது. பக்கத்து ஆஸ்பத்திரியில் ‘இங்கே ஆகாது’ என்று சொல்லி அனுப்பும்போது ஒரு மணி நேரம் போயிருக்கும். ஆகவே ஏழாம் மாதமே, தக்கலையோ குழித்துறையோ குளச்சலோ தனியாரோ, நீங்கள் நம்பியிருக்கும் இடத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இரவு இரண்டு மணிக்குச் சிசேரியன் செய்ய டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் இருப்பார்களா? இரத்தம் இங்கேயே இருக்கிறதா? குறைமாதப் பிள்ளையை இங்கே வைத்துப் பார்ப்பீர்களா? ஒன்றுக்கு ‘இல்லை’ வந்தாலும், அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். களியக்காவிளைப் பக்கம் இருப்பவர்கள் திருவனந்தபுரத்துக்கே போவதுண்டு. அங்கே பிறந்தால் பிறப்பைப் பதிவதும் கேரளத்தில்தான்.

சிலருக்கு இந்தக் கணக்கே வேண்டியதில்லை. நேராகப் பெரிய ஆஸ்பத்திரிதான். முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைப் பிள்ளை, பிள்ளை குறுக்காகவோ கால் கீழாகவோ இருப்பது, நச்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மூடிக் கிடப்பது, இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், சர்க்கரை, கடும் சோகை, முந்தின பேறுகாலத்தில் பெரும் இரத்தப்போக்கு, 37 வாரம் ஆகும் முன் வலி. தாய்க்கு நெகட்டிவ் இரத்த வகை என்றால் இன்னொன்றும் உண்டு: பிள்ளை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. அதை விட்டுவிட்டால் இந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த பிள்ளைக்கு ஆகும். அதனால்தான் அது எளிதில் மறந்துபோகிறது.

வண்டி வருவதற்குள் பிறந்துவிட்டால்

இது யாருக்கும் நடக்கலாம். முதலில் 108, போனை ஸ்பீக்கரில் போட்டு வையுங்கள், மறுமுனையில் இருப்பவர் வழிகாட்டுவார். மின்விசிறியை நிறுத்துங்கள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். துவைத்து வெயிலில் காய்ந்த துணிகள் நாலைந்து எடுத்து வையுங்கள்.

தாய் ஒருக்களித்துப் படுக்கலாம், சாய்ந்து உட்காரலாம். எது அவருக்கு வசதியோ அது. மல்லாக்கப் படுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். வயிற்றை மேலிருந்து அமுக்கக் கூடாது. தலை தெரியும்போது முக்குவதை நிறுத்தி வாயால் ஊதச் சொன்னால் தலை மெதுவாக வரும், கிழிசல் குறையும். உங்கள் கை தாங்குவதற்கு மட்டும், இழுப்பதற்கு அல்ல. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தால் பதற வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான். தளர்வாக இருந்தால் விரலால் தலைக்கு மேலே எடுத்துவிடலாம். இறுக்கமாக இருந்தால் அப்படியே விட்டு, உடல் வெளியே வந்ததும் அவிழ்க்கலாம். வெட்டக் கூடாது.

பிறந்த நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையை உடனே தாயின் வெறும் நெஞ்சில் கிடத்தி, காய்ந்த துணியால் தலையிலிருந்து கால்வரை அழுத்தித் துடையுங்கள். நனைந்த துணியை எறிந்துவிட்டு வேறு துணியால் இருவரையும் சேர்த்து மூடி, பிள்ளையின் தலையையும் மூடுங்கள். ஈரத்தோடு விட்டால் சில நிமிடங்களிலேயே உடல் குளிர்ந்துவிடும். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, முதுகில் அடிப்பது, முகத்தில் தண்ணீர் தெளிப்பது எதுவும் வேண்டாம்.

அழவில்லை, மூச்சில்லை என்றால்: துடைத்துக்கொண்டே முதுகைத் தேயுங்கள். வாயில் கண்ணுக்குத் தெரியும் சளியை மட்டும் துணியால் எடுங்கள். அப்படியும் இல்லையென்றால் கெட்டியான தரையில் துணி விரித்துக் கிடத்தி, மூக்கு நேரே கூரையைப் பார்க்கும்படி தலையை வையுங்கள். பிள்ளையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடங்கும் காற்றை மட்டும் ஊதுங்கள். மார்பு லேசாக எழ வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து ஊதினால் நுரையீரல் கெடும். நிமிடத்துக்குச் சுமார் 40 முறை, மூச்சு வரும் வரை அல்லது வண்டி வரும் வரை.

தொப்புள்கொடியை வெட்ட அவசரமே இல்லை. வீட்டுப் பிளேடும் கத்திரிக்கோலும் கிருமியைத்தான் கொண்டுபோகும். 108-ல் வருகிறவரிடம் கிருமி நீக்கிய கருவி இருக்கும். நச்சுக்கொடி அரை மணி நேரத்துக்குள் தானாக வரும். வராவிட்டால் கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. கர்ப்பப்பையே உள்வெளியாகப் புரண்டு வந்துவிடும் ஆபத்து உண்டு. வந்துவிட்டால் ஒரு பையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டதா என்பதை அதைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார்.

இனிச் செய்வதுதான் தாயின் உயிரைக் காக்கும் வேலை. நச்சுக்கொடி வந்தபின் தொப்புளுக்குச் சற்றுக் கீழே உள்ளங்கையைக் குவித்து வைத்து அழுத்தினால் கர்ப்பப்பை கைக்குத் தட்டுப்படும். அது சின்னத் தேங்காய் போலக் கெட்டியாக இருக்க வேண்டும். கொளகொளவென்று இருந்தாலோ, எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டாலோ, வட்டமாகத் தேய்த்துக் கொடுங்கள்; கைக்கடியில் இறுகி வருவது தெரியும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். தாய் மூத்திரம் போக வேண்டும். நிறைந்த மூத்திரப்பை கர்ப்பப்பையை இறுகவிடாது. பிள்ளையை மார்பில் வாய் வைக்க விடுங்கள். பிள்ளை சப்பும்போது தாயின் உடம்பிலேயே ஆக்சிடோசின் ஊறும். 20, 30 நிமிடத்துக்குள் இரண்டு மூன்று பேட் நனைந்தாலோ, தாய்க்கு வியர்த்துக் கண் இருண்டாலோ, கிடத்திக் காலைத் தூக்கி வைத்து, தேய்ப்பதை நிறுத்தாமல் வண்டியில் ஏற்றுங்கள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். கிழிசலைப் பார்க்க, பிள்ளைக்கு வைட்டமின் கே ஊசி, பி.சி.ஜி., போலியோ சொட்டு, 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலை பி தடுப்பூசி எல்லாம் போட.

ஆஸ்பத்திரியில் கேட்டுப் பெறக் கூடியவை

அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ அறையில் உங்களுக்கு வேண்டிய ஒரு பெண் துணை இருக்கலாம்; அம்மாவோ சித்தியோ. கூடவே ஒருவர் விடாமல் இருந்தால் வலி நேரம் குறைகிறது, சிசேரியனும் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. வலியின்போது நடக்கலாம், சாய்ந்திருக்கலாம், சிக்கல் இல்லாதவர் தண்ணீரும் கஞ்சியும் குடிக்கலாம். எல்லோருக்கும் கத்தரிக்க வேண்டியதில்லை, எனிமா வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அழுத பிள்ளைக்குக் கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டினால் கூடுதல் இரத்தம் பிள்ளைக்குப் போகும், பின்னாளில் இரும்புக் குறை தள்ளிப்போகும். பிறந்ததும் நெஞ்சில் கிடத்தச் சொல்லலாம்.

கேட்கும் முறையும் முக்கியம். வலியின் நடுவில் நர்ஸிடம் வாதாடி ஒன்றும் கிடைக்காது. எட்டாம் மாதப் பரிசோதனையில், டாக்டரிடம், சாந்தமாகக் கேட்க வேண்டும். சிசேரியன் என்று சொன்னால் கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி: ஏன் வேண்டும், இப்போதே வேண்டுமா, ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும்? பிள்ளையின் துடிப்பு விழுகிறது என்றால் கேள்வியை நிறுத்திக் கையெழுத்துப் போடுங்கள். ‘தண்ணி வற்றிப்போச்சு’ என்று மட்டும் சொன்னால், ஸ்கேனில் எவ்வளவு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

முதல் 42 நாள்

சீம்பாலைப் பீச்சிக் கொட்டுகிறவர்கள் இப்போது குறைவு. சேனை வைப்பது மட்டும் இன்னும் போகவில்லை. சீனித் தண்ணி, தேன், தங்கம் உரைத்த வயம்பு எதுவும் வேண்டாம். தேனில் இருக்கும் ஒரு கிருமி வித்து, ஒரு வயது ஆகும் முன் குடலில் முளைத்து நஞ்சாகி, பிள்ளையின் தசைகளைச் செயலிழக்க வைக்கக் கூடும். முதல் நாள் பிள்ளையின் வயிறு கொள்வது ஒரு தடவைக்கு 5, 7 மில்லிதான். சீம்பால் சொட்டுச் சொட்டாக வருவது அதற்குப் போதும். பால் பற்றுகிறதா என்பதை மூத்திரத்தில் பாருங்கள்: முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளிலிருந்து ஆறுக்குக் குறையாமல். முதல் வாரம் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் திரும்ப ஏறும்.

குளிப்பாட்டுவதை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள். தொப்புளில் எதுவும் தடவ வேண்டாம், காய்ந்து தானே விழும். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும், வீங்கிய பிஞ்சு மார்பைப் பிதுக்குவதும் புண்ணையும் சீழையும் கொண்டுவரும். பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உடல் சில்லிட்டாலோ சுட்டாலோ, முதல் நாளே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். எடை 2.5 கிலோவுக்குக் கீழே என்றால் தாயின் நெஞ்சோடு தோல் ஒட்டக் கட்டி வைப்பதுதான் சிறந்த சூடு. அப்பாவும் செய்யலாம்.

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரைக் குறைப்பது தவறு; மூத்திரத் தொற்றும் மலச்சிக்கலும் அதனால் வரும். வேது வைத்து, அதாவது மூலிகை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் குளிப்பது சுகமானது, தையல் இருந்தால் அந்த இடத்தில் கொதிநீரை அடிக்காமல் இருந்தால் சரி. உள்ளி லேகியத்திலும் தென்னம்பூக்குல லேகியத்திலும் வெல்லம் நிறைய. சர்க்கரை இருந்தவர் யோசிக்க வேண்டும். அரிஷ்டங்களில் நொதித்து உண்டாகும் சாராயம் இருப்பது பலருக்குத் தெரியாது. காய்ச்சல், நாற்றமுள்ள தீட்டு, ஒரு கால் மட்டும் வீங்குவது, விடாத தலைவலி ஆகியவற்றை ‘பேறுகால அசதி’ என்று விடக்கூடாது. பிள்ளை பெற்ற பிறகும் வலிப்பு வரும். வீட்டில் பிறந்த பிள்ளை என்றால் சுகாதாரப் பணியாளர் வந்து பார்க்க வேண்டிய நாட்கள் 1, 3, 7, 14, 21, 28, 42.

பதிவு விஷயம் சுருக்கமாக: கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழுக்கும் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கும் அதைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். வீட்டில் பிறந்தால் தெரிவிக்க வேண்டியது குடும்பத் தலைவரின் பொறுப்பு.

அடுத்த பிள்ளையைப் பற்றியும் எட்டாம் மாதத்திலேயே பேசிவிடுவது நல்லது. பிறந்ததிலிருந்து அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போது கரு தங்காது என்பது, மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே உண்மை: இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், மாதவிலக்கு இன்னும் வரவில்லை, பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகவில்லை. ஒன்று தவறினாலும் பாதுகாப்பில்லை. பெற்ற 48 மணி நேரத்துக்குள் காப்பர்-டி (கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) வைப்பது நல்ல முறை, 380ஏ வகை 10 வருடம் வரை பயன்படும். ஆனால் அதைக் கேட்காமல் வைக்க யாருக்கும் அதிகாரமில்லை. சம்மதத்தை வலிக்கு நடுவில் வாங்குவதும் முறையல்ல. வைத்துக்கொண்டவர்கள் ஆறாம் வாரம் போய், அது இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும். பிரசவத்தை ஒட்டி வைத்தது வெளியே வந்துவிடும் வாய்ப்பு, பின்னால் வைத்ததைவிடக் கொஞ்சம் அதிகம்.